ஏசிக்காரர் செய்த ஈரத்தட்டு

'கூலிங்' என்று சொன்னால்தான் தெருவில் யாருக்கும் அவரைத் தெரியும். இருபத்திரண்டு வருஷமாக ஏசி மாட்டுவதும் கழற்றுவதும் கழுவுவதுமாக இருக்கிறவர். பட்டப்பெயர்தான் கூலிங், ஆள் கொஞ்சம் சூடு. "உங்க மெஷின் சரியில்லையே" என்று யாராவது முனகினால் போதும், ஏணியை விட்டு இறங்காமலே சண்டைக்கு வந்துவிடுவார்.

அவர் வீட்டுக் கூடத்தில் ஓடுகிற ஏசி அவரே கூட்டிச் சேர்த்தது. மூன்று செத்த மெஷின்களின் உயிர் அதில் இருந்தது. அதன் கீழே சாய்வு நாற்காலியைப் போட்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு டிவி பார்ப்பது மாமியாருக்குப் பரம சுகம். "இவ்வளவு குளிருதே, கொஞ்சம் குறைக்கட்டுமா அத்தை?" என்றால், "குளிரத்தானே மாப்பிள்ளை போட்டீங்க!" என்பார்.

அந்தக் கூடத்துக்கு ஒருநாள் ஓர் ஆர்க்கிட் பூச்செடி வந்தது. கூலிங்கின் மனைவிக்கு நூலகத்தில் வேலை. மாற்றலாகிப் போன மேலதிகாரி, புது வீட்டில் வெளிச்சம் கிடையாது என்று சொல்லி அதை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். தடித்த இலைகள், ஒரே தண்டு, அதில் ஏழு மொட்டு. ஜன்னலோரம், ஏசிக்கு நேர் எதிரே இடம் கிடைத்தது. மூன்றாம் நாள் ஒரு மொட்டு பழுத்து விழுந்தது. பத்து நாளில் ஏழும் காலி. ஒன்றுகூட விரியவில்லை.

மனைவி நூலகத்திலிருந்து ஒரு தடிப் புத்தகத்தைத் தூக்கி வந்து படித்தாள். "காத்துல ஈரம் பத்தலையாம். பாதியாவது இருக்கணுமாம்."

கூலிங் தொழில் பையிலிருந்து ஈரப்பத மீட்டரை எடுத்துச் செடியருகில் பிடித்தார். முப்பத்திநாலு சதவீதம் என்று காட்டியது.

"பாத்தியா!" என்றார் முகமெல்லாம் பல்லாக. "எப்படி உறிஞ்சியிருக்கு பாரு நம்ம மெஷின்!"

மனைவி பார்த்த பார்வையில் அந்தப் பல்லெல்லாம் உள்ளே போயிற்று.

"ஒண்ணு ஏசி ஓடணும், இல்ல இந்தச் செடி இருக்கணும். நீங்களே சொல்லுங்க."

"ஏண்டி, நேத்து வந்த செடிக்காக நான் வேர்த்து வடியணுமா?" என்று போர்வைக்குள்ளிருந்து மாமியார் குரல் வந்தது.

இரண்டு பக்கமும் இடி வாங்கிய கூலிங், "எனக்கு ஒரு வாரம் குடுங்க" என்றார்.

முதல் தட்டு ஐந்து நிமிஷ வேலை. கேக் சுடுகிற தட்டில் தண்ணீர் ஊற்றித் தொட்டியை அப்படியே அதில் உட்கார வைத்தார். ஒரு வாரத்தில் வேர்கள் வெந்த நூடுல்ஸ் மாதிரி கொழகொழவென்று ஆகிவிட்டன.

"பக்கத்துல ஈரம் இருக்கட்டும்னுதாங்க சொன்னேன். இடுப்பளவு தண்ணியில நிக்க வைக்கவா சொன்னேன்?" என்றாள் மனைவி. அழுகின வேரையெல்லாம் நறுக்கிப்போட்டுப் புது மரப்பட்டைத் துண்டுகளில் நட்டாள். செடியில் மிஞ்சியது மூன்று இலை.

அந்த மூன்று இலையைப் பார்த்ததும் கூலிங்குக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய ஏசி ஒன்றில் தண்ணீர் பிடிக்கிற தட்டைக் கழற்றி, தேய்த்துக் கழுவி, துளையை அடைத்தார். மீன் தொட்டிக் கடையில் கூழாங்கல் வாங்கி வந்து பரப்பினார். கல்லில் பாதி உயரத்துக்கு மட்டும் தண்ணீர். கல்லுக்கு மேலே செடித்தொட்டி. வேருக்குத் தண்ணீர் எட்டாது, ஆவி மட்டும் எட்டும். அதில் ஊற்றியதுகூட ஏசிக் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீர்தான். "காத்துலேர்ந்து நான் புடுங்கினதை நானே திருப்பிக் குடுக்கறேன்" என்றார், பெரிய தியாகி மாதிரி.

மறுநாள் மீட்டர் காட்டியது முப்பத்தேழு.

வெறும் மூன்று புள்ளி! மனுஷர் இடிந்துபோனார். மீட்டரைத் தட்டிப் பார்த்தார், உதறிப் பார்த்தார். பிறகு ஏசியின் காற்று செடிமேல் படாதபடி திருப்பிவிட்டு, பக்கத்தில் இன்னொரு தட்டும் வைத்தார். நாற்பத்திநாலு வந்தது. அதற்கு மேல் என்ன செய்தும் ஏறவில்லை. ஆனால் நாலாவது இலை முளைத்தது.

"மாப்பிள்ளை, தட்டுல மீன் வளக்கறீங்களா?" என்று மாமியார் ஒருநாள் கேட்டார். குனிந்து பார்த்தால் கொசுப்புழு நெளிந்தது. அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் தட்டைக் கவிழ்த்துக் கல்லைக் கழுவுகிற வேலை மாமியாருக்கு. யாரும் கொடுக்கவில்லை, அவரே பிடுங்கிக்கொண்டார். "நீங்க தேய்க்கிற லட்சணத்துக்கு வழுக்கல் போகாது."

இதற்கிடையில், ஏசி கழுவப் போன பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேஜைமேல் வாடிக் கிடந்த ஆர்க்கிட் ஒன்றைக் கூலிங் பார்த்துவிட்டார். கை சும்மா இருக்குமா? அடுத்த வாரமே அதற்கும் ஒரு தட்டு.

"இதனால நல்லா வந்துடுமா?" என்று கேட்டார் பல் டாக்டரம்மா.

"மூணு புள்ளி ஏறும் டாக்டர். அதுக்கு மேல நான் சொன்னா நம்பாதீங்க. காத்து மேல படாம வைங்க, அதுதான் முக்கியம்."

நாலு நாள் கழித்து அவசர அழைப்பு. "ஏசி ஒழுகுதுங்க! தரையெல்லாம் தண்ணி, ஒருத்தர் வழுக்கி விழப் பாத்தார்!" கூலிங் ஏணியும் பையுமாகப் பறந்தார். ஏசி எலும்பு மாதிரி உலர்ந்திருந்தது; தட்டுதான் நிரம்பி வழிந்தது. வரவேற்புப் பெண் காலையில் ஊற்றுகிறாள், நர்ஸ் மத்தியானம் ஊற்றுகிறார், காத்திருக்கும் நோயாளிகள் பயத்தை மறக்க ஆளுக்கொரு டம்ளர் ஊற்றுகிறார்கள். கூலிங் கூழாங்கல்லை ஒதுக்கித் தட்டின் உள்பக்கம் சிவப்பு மார்க்கரில் ஒரு கோடு போட்டார். "இதுதான் எல்லை. தாண்டினா நான் பொறுப்பில்ல." அதன்பிறகு அவர் செய்த தட்டு எல்லாவற்றிலும் அந்தக் கோடு உண்டு. ஒரு வருஷத்தில் பதினாலு தட்டு.

வீட்டுச் செடியில் மறுவருஷம் இலையிடுக்கில் பச்சையாக ஏதோ முட்டியது. வேர் என்றார் கூலிங். பூந்தண்டு என்றாள் மனைவி. இரண்டு வாரத்தில் அவள் ஜெயித்தாள்.

முதல் பூ விரிந்த அன்று கூலிங் ஒரு மொட்டைமாடியில் மெஷின் கழுவிக்கொண்டிருந்தார். மாமியார் போனில் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளை, வாயைத் திறந்துடுச்சு!"

"யாரு அத்தை?"

"செடிதான். சீக்கிரம் வாங்க."

நனைந்த கால்சட்டையோடு ஸ்கூட்டரில் வந்து நின்றார். பூ வெளிர்ப் பச்சையில், நடுவில் மஞ்சள் பொட்டோடு, உள்ளங்கை அகலத்துக்கு விரிந்திருந்தது. மாமியார் முகத்தைச் சுளித்தார். "இலை நிறத்துலயே பூவா? இதுக்கா இத்தனை பாடு?"

கூலிங் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மனைவி வேலைவிட்டு வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமியார் முணுமுணுத்துக்கொண்டே தன் நாற்காலியை, பூ கண்ணில் படுகிற மாதிரி, கொஞ்சம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.