பனிக்கட்டி சுட்ட மாலை

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் ஒரு சின்ன ஜப்பானிய உணவகத்தில் நடந்தது இது. ஆபீஸ் நண்பர்களோடு சாகே ருசி பார்க்கப் போயிருந்தேன். சாகே என்றால் அரிசியில் செய்யும் ஜப்பானிய மது. அதிலும் இனிப்பே தெரியாத 'டிரை' வகையை எந்தக் கடல் உணவோடு சேர்த்துக் குடித்தால் எடுபடும் என்று சொல்லிக்கொடுக்கும் வகுப்பு. என்னை அழைத்ததே என் நாக்கை நம்பித்தான். எனக்குக் கொஞ்சம் பொல்லாத நாக்கு. சிராங்கூன் ரோட்டில் எந்தக் கடையில் சமையல் மாஸ்டர் மாறிவிட்டார் என்று சாம்பாரை வைத்தே சொல்லிவிடுவேன். நானும் நன்றாகச் சமைப்பேன். சமைத்துப் போட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்து "எப்படி இருக்கு?" என்று கேட்பேன். "நல்லா இருக்கு" என்றால் விடமாட்டேன். எது நன்றாக இருக்கிறது என்று விவரமாகச் சொல்லியாக வேண்டும்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, தூரத்துத் தீவுகள் பக்கம் தூண்டில் போடப் போய்வந்த நண்பர் ஒரு பெரிய களவா மீனை ஐஸில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். தேக்கா சந்தைக்குப் போய் வெண்டைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிவந்து குழம்பு வைத்தேன். மனைவி சைவம். அதனால் தலை முழுவதும் எனக்கே வாய்த்தது. மீதித் துண்டுகளையும் குழம்பையும் பூன் லேயில் இருக்கும் என் தங்கைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். மூன்றாம் மாதம். "உங்க கையால மீன் குழம்பு வேணும்ணே" என்று அவள்தான் கேட்டிருந்தாள். "இன்னைக்குத் தொடாத. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி. நாளைக்கு ராத்திரி சாப்பிட்டுட்டு எனக்குச் சொல்லு" என்று உத்தரவு போட்டுவிட்டு வந்தேன்.

அன்று ராத்திரி எனக்கு வயிறு சரியில்லை. "தலையை முழுசா தின்னா அப்படித்தான்" என்று மனைவி கேலி செய்தாள். காலையில் சரியாகிவிட்டது. உதட்டில் மட்டும் லேசாக மதமதப்பு. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பு எடுத்தவர் ஓர் இளம் ஜப்பானியப் பெண். ஒரே சாகேயை இரண்டு கிண்ணங்களில் வைத்தார். ஒன்று பனிக்கட்டியில் புதைத்து எடுத்தது, இன்னொன்று சுடவைத்தது. சுட்ட சோத்தோங், அதாவது கணவாய்த் துண்டை எதனோடு சாப்பிட்டால் நன்றாக இருக்கிறது என்று நாங்கள் சொல்ல வேண்டும். நான் ஒரு கிண்ணத்தை எடுத்து வாயில் வைத்தேன். உதடு வெந்துபோனது. சமாளித்துக்கொண்டு விழுங்கினேன். "இந்தச் சூடான சாகேதான் சோத்தோங்குக்குப் பிரமாதம்" என்று மேசைக்கே கேட்கும்படி அறிவித்தேன்.

எல்லோரும் என் கிண்ணத்தையே பார்த்தார்கள்.

"அண்ணே, அது ஐஸ்லேர்ந்து எடுத்தது லா" என்றார் பக்கத்தில் இருந்த ஆபீஸ் தம்பி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே கிண்ணத்தைப் பார்த்தேன். வெளியே நீர் முத்து முத்தாக வியர்த்திருந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சி தெரிந்தது, விரலுக்கு நெருப்பாக இருந்தது. மற்ற கிண்ணத்தைத் தொட்டேன். ஆவி பறந்த அந்தக் கிண்ணம் ஜில்லென்று இருந்தது. யாருக்கும் தெரியாமல் ஒரு பனிக்கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். அடுப்புக்கங்கை வைத்த மாதிரி சுட்டது.

கழிப்பறைக்கு ஓடினேன். குழாய்த் தண்ணீர் சுட்டது. பற்களெல்லாம் ஈறிலிருந்து கழன்று தொங்குவது போல இருந்தது. விரலால் அசைத்துப் பார்த்தால் கல் மாதிரி நிற்கின்றன. விரலை எடுத்தால் மறுபடியும் ஆடுகின்றன. பேய் பிசாசை நம்புகிற ஆள் இல்லை நான். ஆனால் உலகம் முழுவதும் அதனதன் இடத்தில் இருக்க, என் உடம்புக்குள் மட்டும் யாரோ புகுந்து எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிவைத்தது போல இருந்தது. கண்ணாடியைப் பார்க்கவே பயமாக இருந்தது.

வெளியே வந்தால் கதவருகே ஒரு சீனப் பெண்மணி நின்றிருந்தார். எங்கள் மேசையின் மறுகோடியில் இருந்தவர். அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. என்னை உற்றுப் பார்த்துத் தணிந்த குரலில் ஆங்கிலத்தில் கேட்டார்: "நேத்து மீன் சாப்பிட்டீங்களா? பெரிய மீனா?"

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

பல வருடம் முன்பு ஒரு தீவில் இதே மாதிரி அவருக்கும் பனிக்கட்டி சுட்டதாம். பவளப்பாறை மீன்கள் சிலவற்றில் ஒரு விஷம் சேருமாம். வாசனை கிடையாது, ருசி கிடையாது, எவ்வளவு கொதிக்கவைத்தாலும் போகாது. என் பொல்லாத நாக்கு அதைத்தான் சப்புக்கொட்டிச் சாப்பிட்டிருக்கிறது. "உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றவர், "வேற யார் சாப்பிட்டாங்க?" என்று கேட்டார்.

அப்போதுதான் தங்கை நினைவு வந்தது. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது.

போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும், மறுபடியும் அடித்தேன். "சாப்பிடாதே" என்று செய்தி அனுப்பினேன். பார்க்கவில்லை. அவள் கணவர் ஜூரோங்கில் ஷிஃப்டில் இருந்தார், வேலை நேரத்தில் போன் வைத்துக்கொள்ள முடியாது. டாக்சி பிடித்தேன். நான் கேட்காமலேயே அந்தப் பெண்மணியும் ஏறிக்கொண்டார். வழி நெடுக ஏர்கான் காற்று என் முகத்தைப் பொசுக்கியது. நான் வேண்டாத தெய்வமில்லை.

லிஃப்ட் திறந்ததும் தாழ்வாரம் முழுக்க என் மீன் குழம்பு வாசனை. வேறு நாளாக இருந்தால் நெஞ்சு நிமிர்ந்திருக்கும். அன்று வீட்டை நோக்கி ஓடினேன். கதவைத் தட்டினேன். தங்கை திறந்தாள். முகம் வெளுத்து, கண் சிவந்து, வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"வாந்தி எடுத்துட்டேண்ணே" என்றாள்.

அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். "எவ்வளவும்மா சாப்பிட்ட?" என்று கேட்டேன். அவள் என்னையும் கூட வந்தவரையும் மாறிமாறிப் பார்த்தாள். அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. ஆசையாத்தான் கேட்டேன். சூடு பண்ணதும் அந்த வாடை கொடலப் பெரட்டிருச்சு. ஒரு வாய்கூட வைக்கல. எல்லாத்தையும் குப்பையில கொட்டிட்டேன்."

மசக்கைக்குக் கோடி நன்றி. என் சமையலுக்கு இத்தனை வருடத்தில் கிடைத்த நல்ல வார்த்தை அதுதான் என்று தோன்றியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை போல அழுதேன். பிறகுதான் கோபம் வந்தது. "அப்ப ஏன்டி போன எடுக்கல?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எப்படி இருந்துச்சுன்னு கேப்பீங்க. கொட்டிட்டேன்னு சொல்ல பயமா இருந்துச்சு. பொய் சொன்னாலும் எது நல்லா இருந்துச்சுன்னு நோண்டுவீங்க. அதான் போன உள்ள வச்சுட்டேன்."

அந்தப் பெண்மணி என் தோளைத் தொட்டு, ஆஸ்பத்திரிக்குப் போக நேரமாகிறது என்று நினைவுபடுத்தினார். அங்கே டாக்டரும் அவர் சொன்னதையே சொன்னார். தங்கைக்கு ஒன்றுமில்லை. எனக்குக் குளிர்ந்த தண்ணீர் குளிர்ச்சியாகத் தெரியவே இரண்டு மாதம் ஆனது. தங்கை மகள் இப்போது வீடெங்கும் ஓடுகிறாள். இப்போதும் சமைக்கிறேன், போடுகிறேன், எழுந்து அந்தப் பக்கம் போய்விடுகிறேன். மீனின் விஷத்தைவிட என்னை இன்றும் நடுங்கவைப்பது ஒன்று உண்டு: அவளைக் காப்பாற்ற நான் கூப்பிட்ட அந்த நேரத்தில், என் குரலைக் கேட்கவே என் தங்கை பயந்துகொண்டிருந்தாள்.