மல்லேஸ்வரத்துக்கு ஆறு காகங்களுடன்

காலை ஆறு மணி. ஆனேக்கல் பஸ் நிறுத்தத்தில் ஒரு தகரப் பெட்டியுடன் நின்றேன். பெட்டிக்குள் மரத்தூள், மரத்தூளுக்குள் ஐஸ்கட்டி, ஐஸ்கட்டிக்கு நடுவே செத்துப்போன ஆறு காகங்கள். வேலூரில் விலங்கியல் வாத்தியாராக இருக்கிறவனுக்கு இதைவிடப் பெரிய சொத்து எங்கே கிடைக்கப்போகிறது! விதைக் கடலையில் பூச்சிமருந்தைப் புரட்டி விதைக்கும் பழக்கம், ஆராய்ச்சிக்காக நான் வந்திருந்த இந்த ஆனேக்கல் பக்கம் புதிதாக வந்திருக்கிறது. மண்ணைக் கிளறி அந்தக் கடலையைத் தின்ற காகங்கள் வரப்போரம் விழுந்து கிடந்தன. உடம்பில் எவ்வளவு மருந்து ஏறியிருக்கிறது என்று பெங்களூர் ஆய்வுக்கூடம் ஒன்றில் பார்த்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருந்தார்கள். அழுகாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் பாடு.

“பொட்டியில ஏனு சார்? தண்ணி சொட்டுது,” என்றார் கண்டக்டர், கன்னடம் கலந்த தமிழில்.

“காக்கா. செத்தது.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “கோழின்னா லக்கேஜ் போடலாம். காக்காவுக்கு நம்ம கம்பெனில ரேட்டே இல்ல. மேல போட்டுட்டுப் பேசாம குந்து சார். யாருக்கும் சொல்லாத.”

இருபத்திரண்டு மைலுக்கு ஒரு ரூபாய். காகங்கள் இலவசமாக வந்தன.

எட்டரை மணிக்குக் கலாசிபாளையம். எட்டணாவுக்குப் புது ஐஸ் வாங்கிக்கொண்டு டவுன் பஸ்ஸில் மல்லேஸ்வரம் போனேன். ஆய்வுக்கூடத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் பெட்டியை வாங்கிக்கொள்வார்கள். அதுவரை தங்க, எங்கள் கல்லூரிக் கணக்கு வாத்தியார் தன் அத்திம்பேர் சேஷாத்ரியின் விலாசத்தைக் கொடுத்திருந்தார். மைசூர் சமஸ்தானத்துக் கஜானாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மனிதர்.

“வாங்கோ, வாங்கோ. இன்னிக்கு எங்கப்பா திதி. சாப்பாடு நேரமாகும், ஸ்வல்ப பொறுத்துக்கணும். பெட்டியில என்ன?”

“காலேஜ் சாமான்,” என்றேன். திதி வீட்டு வாசலில் நின்றுகொண்டு வேறு என்னத்தைச் சொல்ல?

கொல்லைப்பக்கத்து அறையை எனக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த சமயம் பார்த்து, கிணற்றடியில் பெட்டியைத் திறந்தேன். காகங்களைக் கல்மேல் வரிசையாகக் கிடத்திப் புது ஐஸ் போட்டு, திரும்ப அடுக்கி மூடினேன். மதில்மேல் ஒரு காகம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். பறவை ஆராய்ச்சி செய்கிறவனுக்கு இருக்கிற புத்தி அவ்வளவுதான்.

ஒரு மணிக்குச் சேஷாத்ரி பிண்டத்தை இலையில் எடுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாத மனிதர். மதில்மேல் இலையை வைத்து, “கா! கா!” என்றார். காகம் எடுத்தால்தான் அப்பா ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். அப்புறம்தான் வீட்டில் சாப்பாடு.

காகங்களுக்கா பஞ்சம்? மாமரம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. தெருவே அதிரும்படி கத்தல். ஆனால் ஒன்றுகூட இலைப்பக்கம் இறங்கவில்லை.

“அப்பாவுக்கு ஏதோ குறை,” என்றார் சேஷாத்ரி. மனைவி பக்கம் திரும்பினார். “எள்ளுருண்டை கல்லு மாதிரி இருக்கேடி! அப்பாவுக்குப் பல்லு கிடையாதுன்னு தெரியாதா?”

“ஏன்னா, காக்காய்க்கு எதுக்குப் பல்லு?” என்றாள் அந்த அம்மாள். பசி அவளுக்கும்தானே.

என்ன சங்கதி என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். அவ்வளவுதான், கத்தல் இரட்டிப்பானது. இரண்டு காகங்கள் ஜன்னல் கம்பியில் வந்து மோதின.

சேஷாத்ரி அண்ணாந்து மரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்பாவுக்கு உங்க மேல என்ன சார் கோபம்? உங்களை அவருக்குத் தெரியவே தெரியாதே!”

செத்த காகத்தைக் கையில் எடுத்தவனைக் காகக் கூட்டம் லேசில் விடாது. வகுப்பில் நானே பாடம் நடத்தியிருக்கிறேன். வெளியே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

“ஆத்துக்குள்ளேயா? திதியன்னிக்கா? செத்த காக்காயா?” ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“இப்பவே கிளம்பறேன் சார்,” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினேன். மாமரம் காலியாயிற்று. அத்தனை காகமும் என் தலைக்குமேல்!

“அப்பா உங்க பின்னாடியே போறாரே!” என்று கூவிக்கொண்டு, மடிப் பஞ்சகச்சத்தோடு, இலையை ஏந்தியபடி சேஷாத்ரி ஓடி வந்தார். முன்னால் நான், மேலே காகங்கள், பின்னால் “கா! கா!” என்று அவர். சம்பிகே ரோடு வரைக்கும் ஊர்வலம். பூக்காரி ஒருத்தி எங்களைப் பார்த்துக் கும்பிடு போட்டாள். எந்த சாமி என்று நினைத்தாளோ.

முனையில் நின்ற ஜட்காவில் பாய்ந்து ஏறிப் படுதாவை இழுத்துவிட்டேன். நான் மறைந்ததும் கத்தல் மெல்ல அடங்கியது. படுதா இடுக்கில் பார்த்தேன். அவர் ஒரு மதில்மேல் இலையை வைத்துவிட்டுக் கைகூப்பி நின்றார். அந்த நேரத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், என் ஆராய்ச்சி நாசமாய்ப் போனாலும் போகட்டும், ஒரு காகம் இறங்கினால் போதும் என்றிருந்தது.

ஒன்று இறங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிண்டத்தில் பாதியைக் கவ்விக்கொண்டு பறந்தது.

சேஷாத்ரி ஜட்காவிடம் வந்தார். கண்ணில் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. “பார்த்தேளா, எவ்வளவு எடுத்துண்டார்!” பிறகு பெட்டியைப் பார்த்ததும் சிரிப்பு அடங்கியது. “எதனால செத்துதுன்னேள்?”

“விதைக் கடலையில போட்ட மருந்துன்னு நினைக்கிறோம் சார். இன்னும் நிச்சயமாத் தெரியலை. மல்லேஸ்வரத்துக் காகமும் மேயறதுக்கு ஊருக்கு வெளியே கடலைக் காட்டுக்குப் போறதுதானே.”

பெட்டியைத் தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும். தெரிந்தும் மூடிமேல் கை வைத்தார்.

“இதுல இருக்கிற ஆறும் யார் யாராத்துக்கு வரவேண்டியவாளோ! சீக்கிரம் கண்டுபிடிங்கோ சார். அடுத்த வருஷமும் எங்கப்பா வரணும்.”

“கொஞ்சம் வேகமாப் போப்பா,” என்றேன் ஜட்காக்காரரிடம். இந்த ஆராய்ச்சியில் எனக்கு உண்மையான அவசரம் வந்தது அன்றைக்குத்தான்.