கொமுட்டரில் உருண்ட பகடை

கிள்ளான் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே, கண்ணாடி அணிந்த பெண் ஒருவர் மடிக்கணினி விளையாட்டில் ஒரு குடும்பத்தை வாழவைத்துக்கொண்டிருந்தார். ரப்பர் தோட்டத்து லய வீடு, விறகடுப்பு, தொட்டிலில் குழந்தை.

“ஃபேன் இல்லையாம்மா?” என்றேன்.

“நூறு வருஷத்துக்கு முன்னால ஏது அங்கிள் ஃபேன்? அந்தக் காலம் மாதிரியே விளையாடணும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா டைஸ் போடணும். ஒண்ணு விழுந்தா செத்துரும். நானே வச்ச ரூல் லா.”

குழந்தைக்கு அப்போது காய்ச்சல். பகடையை உள்ளங்கைகளுக்கிடையே நெடுநேரம் தேய்த்துவிட்டு உருட்டினார். ரயில் குலுங்க, அது என் காலடியில் வந்து நின்றது. குனிந்து எடுத்தேன்.

“என்ன அங்கிள் விழுந்துச்சு?”

“நாலு.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குழந்தைக்குக் கஞ்சி கொடுத்தார்.

விழுந்தது ஒன்று. ரயில் புறப்பட்ட நிமிடத்தைக்கூடப் பிசகாமல் எழுதும் என் நாட்குறிப்பில், நாலு என்றே இருக்கிறது.