வேது மெசினில் ஒரு கை உப்பு

எனக்கு எழுபத்தாறு வயது. நான் பெற்ற ஐந்து, செத்துப்போன தங்கச்சியின் இரண்டு என்று ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். எனக்குக் கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். என் பேச்சைப் பள்ளிக்கூடத் தமிழாக மாற்றுகிறாள், மாற்றட்டும்.

ஏழு பேருக்கும் தடிமன் வந்து மூக்கடைத்தால் சட்டியில் நொச்சியிலை அவித்து, அந்த ஆவியில்தான் வேது பிடித்தேன். ஒரு பிள்ளைக்கும் சுட்டதில்லை.

போன மாரிக்கு மருமகள் கிளிநொச்சியில் வேது பிடிக்கிற கரண்ட் மெசின் ஒன்று வாங்கி வந்தாள். அதைக் கழுவி வைப்பது என் பொறுப்பு. பிளக்கைக் கழற்றி, ஆறவிட்டு, மிச்சத் தண்ணீரை ஊற்றித் துடைக்க வேண்டும். எங்கள் வட்டக்கச்சிக் கிணற்றுத் தண்ணீர் கொதித்தால் கேத்தலில் வெள்ளைக் கல் படியும். மெசினுக்குள் இருக்கிற இரண்டு கம்பியிலும் அதே கல்தான். கிழமைக்கு ஒருக்கால் வினாகிரி விட்டு ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் போகும். மூன்று கிழமையாக நான் அதைத் தேய்க்கவில்லை.

நேற்றுப் பின்னேரம் இதை எழுதுகிற பேத்திக்கு மூக்கடைப்பு. மருமகள் வேலைக்குப் போயிருந்தாள். மெசினைப் போட்டால் ஆவி நூல் போல வந்தது. ஆவி குறைந்தால் விரல் நுனியால் ஒரு நுள்ளு உப்புப் போடலாம் என்று கடைக்காரர் சொன்னதாக மருமகள் சொல்லியிருந்தாள். உப்பளவு எனக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. பிளக்கைக் கழற்றி, மூடியைத் திறந்து, ஒரு கை அள்ளிப் போட்டு மூடினேன்.

பிளக்கைத் திரும்பப் போட, பேத்தி போர்வைக்குள் குனிந்தாள். மெசின் உறுமியது.

"அப்பம்மா, துப்புது."

"கதையாமல் மூச்சை இழு."

"தண்ணியாத் துப்புது, அப்பம்மா."

போர்வையை இழுத்தேன். கொதிதண்ணீர் சீறித் தெறித்தது. பிள்ளையைப் பின்னால் தள்ளினேன். அதற்குள் வீட்டுக் கரண்ட் ட்ரிப் ஆகி, மேலே சுற்றிய விசிறியும் நின்றது. அவளின் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒன்றுமில்லை. என் புறங்கை மட்டும் சிவந்திருந்தது.

மருமகள் வந்து கையைப் பார்த்தாள்.

"என்ன மாமி நடந்தது?"

"மெசின் பழுது. கடைக்காரன் பழுதுச் சாமானை உன்ர தலையில கட்டியிருக்கிறான்."

"பிள்ளையின்ர முகத்தில பட்டிருந்தால்? நாளைக்கு லீவு போட்டிட்டுப் போய் அந்தாளை நாலு பேருக்கு முன்னால கேக்கிறன்."

பேத்தி என்னைப் பார்த்தாள்.

உண்மையைச் சொன்னால் மருமகள் இனிப் பிள்ளையை என்னை நம்பி விட்டுப் போகமாட்டாள். இரவு முழுக்க அதுதான் யோசனை. விடிய அவள் எழும்ப முதல் வினாகிரி விட்டு ஊறவைத்தேன். கல் பொருக்குப் பொருக்காகக் கழன்றது. மூன்று தரம் அலசி, நல்ல தண்ணீர் விட்டுப் போட்டுப் பார்த்தேன். ஆவி நேராக எழும்பியது. மெசினில் ஒரு பழுதும் இல்லை.

இப்போது அது மருமகளின் பைக்குள் இருக்கிறது. அவள் குசினியில் புட்டு அவிக்கிறாள். சாப்பிட்டதும் கிளிநொச்சி பஸ்ஸுக்குப் போவாள். அவளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எழுதியிட்டியே, பிள்ளை? கொம்மா குசினிக்குள்ளதான் நிக்கிறா. ஒரு கை உப்பெண்டதை ஒரு நுள்ளு எண்டு மாத்தாதை. அவவுக்குக் கேக்கிற மாதிரி, முதல்ல இருந்து வாசி.