தவிட்டுப் பிள்ளையின் ரத்தம்

பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். மளிகைச் சீட்டைத் தவிர வேறெதுவும் எழுதிப் பழக்கமில்லை. இவளெல்லாம் எழுத வந்துவிட்டாளா என்று அண்ணனே சிரிப்பான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா குன்னூருக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கிளார்க். அண்ணனும் தங்கையும் அம்மாவை உரித்து வைத்தாற்போல் இருப்பார்கள். நான் யார் ஜாடையும் இல்லை. மலைக்குக் கீழேயிருந்து வரும் மாமா, அம்மாவின் தம்பி, ஒவ்வொரு முறையும் என் காதைத் திருகி, "இவ நம்மூட்டுப் புள்ளயா? மேட்டுப்பாளையம் ரைஸ்மில்லுல ரெண்டு படி தவுட்டைக் குடுத்து வாங்குனதுங்க" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் நம்பினேன். எங்கள் மலையில் நெல் ஏது? மாட்டுக்குத் தவிடு மேட்டுப்பாளையத்திலிருந்துதான் லாரியில் வந்தது.

அந்த வருடம் அண்ணனுக்கு உடம்பெல்லாம் நீலநீலமாகக் கன்றியது. எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுவிட்டது, வேறொருவரின் இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை எடுத்து ஏற்ற வேண்டும் என்றார்கள் கீழே பெரிய ஆஸ்பத்திரியில். அப்பா அம்மாவுக்கு விளக்கினார்.

"ரத்த குரூப் சேந்தாப் பத்தாதாம் புள்ள. அதுக்கும் உள்ள ஒரு அடையாளம் இருக்குதாம். நம்மளுது பாதிதான் சேருமாம். கூடப் பொறந்ததுகளுது முழுசாச் சேந்தாலும் சேருமாம்."

கூடப் பிறந்தது. ரத்தத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமே!

எனக்கும் தங்கைக்கும் ரத்தம் எடுக்கக் கிளம்பிய காலையில், எங்களைக் கூட்டிப்போக ஜீப்போடு வந்திருந்த மாமாவிடம் போய், "நெசமாலுமே தவுடுதானா மாமா? அப்படின்னா டாக்டர்கிட்ட முன்னயே சொல்லிருங்க" என்றேன். மாமா சிரிக்கவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜீப்பை நோக்கிப் போய்விட்டார். அதோடு எனக்கு உறுதியாகிவிட்டது.

ஊசிக்குத் தங்கை ஊரைக் கூட்டினாள். நான் கையை நீட்டிவிட்டு, குழாயில் ஏறும் ரத்தத்தையே பார்த்தேன்.

முடிவு ஃபாக்டரி ஆபீஸ் போனுக்கு வரும் என்றார்கள். எத்தனையோ நாள் வரவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓரிடத்தில் உட்காரவும் முடியவில்லை. என் பாவாடைகளை மஞ்சள் பையில் மடித்து வைப்பேன். எடுத்துவிடுவேன். மறுபடி வைப்பேன். திருப்பி அனுப்பினால் ரைஸ்மில்லில் யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் அப்பா மேட்டுப் பாதையில் ஓட்டமாக ஏறி வந்தார்.

"சின்னவளுது சேரல" என்றார் அம்மாவிடம். மூச்சு வாங்கியது. "பெரியவளுது அப்படியே சேருதாம்."

நான் உள்ளே பாய்ந்தேன். "அண்ணா, நான் தவுட்டுப் புள்ள இல்ல!"

படுத்திருந்த அண்ணன் கண்ணைத் திறந்தான். "போயும் போயும் உன்றதா? இனி நானும் கணக்குல முட்டை வாங்கோணுமா?"

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னை இழுத்து மடியில் போட்டு, என் இடுப்பெலும்பைத் தடவித் தடவி அழுதாள். தங்கையுடையது சேரவில்லையே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். கோபத்தில் கையைத் தட்டிவிட்டு இறங்கிக்கொண்டேன். அதுவரை ஒரு பிள்ளைக்காகப் பயந்தவள், அந்த நிமிடத்திலிருந்து இரண்டு பிள்ளைகளுக்காகப் பயந்தாள் என்பது எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகே விளங்கியது.

மஜ்ஜை எடுக்க என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்காக, மறுநாள் அப்பா என் பள்ளிக்கு லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தார். காரணம் காய்ச்சல் என்று எழுதியிருந்தது.