கையெழுத்துக்கு முன்னால் வருபவர்

குளியலறைத் தரையில் ஒரு கோலிக்குண்டை வைத்துவிட்டு, அது எந்தப் பக்கம் உருளுகிறது என்று குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குண்டு வடிகாலுக்குப் போகாமல் வாசற்படியை நோக்கி வருகிறது. "தண்ணியும் இப்படித்தான் ஹாலுக்கு வரும்" என்கிறார். வீட்டை விற்பவரின் முகம் சுண்டிப் போகிறது. இவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

விலைக்கு வரும் வீடுகளைச் சோதித்துச் சொல்வது இவர் தொழில். வீட்டுத் தரகர்கள் வைத்திருக்கும் பெயர் 'டொக்டொக்'. விரல் முட்டியால் சுவரைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பதால் வந்தது. இவர் வண்டி தெருமுனையில் திரும்பினாலே அவர்கள் விலையைக் குறைத்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

வீடு வாங்குகிறவர்கள் யார் போன் செய்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "கையெழுத்து போட்டாச்சா?" இல்லை என்றால் மறுநாளே வருவார். நல்ல மழை பெய்த பிறகு இன்னொரு தடவையும் வருவார்; அதுவரை பேனாவைத் தொடக் கூடாது. போட்டாயிற்று என்றால், "அப்ப என்னை எதுக்குங்க கூப்பிடறீங்க? பெயின்டரைக் கூப்பிடுங்க" என்று வைத்துவிடுவார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்பவர்களிடம் இவருக்குப் பொறுமை கிடையாது.

இந்தத் தொழிலால் அதிகம் அவதிப்பட்டவள் இவருடைய ஒரே மகள். ஐந்து வருடத்தில் அவளுக்காகப் பதினொரு வீடு பார்த்தார். பதினொன்றையும் கழித்துக் கட்டினார். ஒன்றில் உத்தரத்தில் விரிசல். ஒன்றில் கழிவுக்குழாய் பக்கத்து வீட்டு வழியாகப் போனது. ஒன்றில் குறையே கிடைக்கவில்லை. "குறை இல்லாத வீட்டை எதுக்கு விக்கறான்?" என்று அதையும் தள்ளினார். வாடகை வீட்டில் பிறந்த பேத்தி அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாள்.

போன வாரம் மகள் ஒரு முகவரி சொல்லி வரச் சொன்னாள். கருவிப் பையோடு போனவர், வாசலில் நின்று வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"போட்டாச்சுப்பா. காலையில பதிவும் முடிஞ்சுது."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"சொன்னா தட்டிப் பாப்பீங்க. நீங்க தட்டினா எந்த வீடும் தேறாதுப்பா. எனக்கு இது பிடிச்சிருக்கு."

மருமகன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். இவருக்குச் சுருக்கென்றது. ஊரார் முதல் ஆளாகக் கூப்பிடுகிறவரை, பெற்ற மகள் கடைசி ஆளாகக் கூப்பிட்டிருக்கிறாள். அவள் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் கூடுதலாக வலித்தது. பையைத் திரும்ப வண்டியில் வைத்துவிட்டு வந்தார்.

பை இல்லாவிட்டால் என்ன, கண் இருக்கிறதே. கூடத்தில் கால் வைத்ததும் பட்டது: ஜன்னலை ஒட்டி, தலை உயரத்தில், புதுப் பெயின்டை மீறிக்கொண்டு ஓர் ஈரத் திட்டு. வெளிச்சுவரில் விரிசல். ஆள் வைத்தால் இரண்டு நாள் வேலை. ஆனால் மகள் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

"எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"வெளிச்சம் நல்லா வருதும்மா" என்றார். முப்பது வருடத்தில் எந்த வீட்டுக்கும் அவர் எழுதிக் கொடுக்காத வரி அது.

மருமகனுக்கு உயிர் வந்தது. எல்லாரும் சேர்ந்து ஒரு போட்டோ எடுக்கலாம் என்று போனை ஜன்னல் பக்கம் திருப்பினார். போட்டோ என்றாலே நழுவுகிறவர், அன்று முதலில் போய் ஈரத் திட்டு இருந்த சுவரில் முதுகைச் சாய்த்து நின்றார். ஆள் சற்றுக் குள்ளம். மகள் பக்கத்தில் வந்து சேர்வதற்குள் குதிகால்களை மெல்ல உயர்த்திக்கொண்டார்.