அலமாரிப் பேன்

உள் அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அடுப்படியில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த காலரக்காவின் காது அங்கேயே போய் நின்றது. மகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"பயமா? கொஞ்சம்கூட இல்ல சித்தி! அம்மாதான் அழுதாங்க. ஆமா, பேய்ப் படத்துக்கு அழுத ஒரே ஆளு!"

அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. அதுதான் நெஞ்சை அறுத்தது.

சீருடை தைக்கும் கம்பெனியில் நாள் முழுக்கக் காலர் மட்டுமே தைப்பதால் அவளுக்கு அந்தப் பெயர். கணவன் பிரிந்துபோய் வேறு கல்யாணம் செய்துகொண்டபோது, வசதியான வீட்டில் பிள்ளை வளரட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு மகளையும் அனுப்பிவைத்தாள். அந்தப் புது மனைவிதான் மகளுக்குச் சித்தி. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் இவளுக்கு.

மகள் சின்னவளாக இருந்தபோது இருவரும் உயிராக நினைத்த கதைப் புத்தகங்கள் சில உண்டு. அவற்றில் இறந்துபோன ஒரு தாய், அலமாரியில் பேயாகக் குடியிருப்பாள். ராத்திரியில் இறங்கி வந்து பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிடுவாள். வீட்டுப்பாடத்தில் தப்பைத் திருத்தி வைப்பாள். ஒரு பக்கத்தில் அச்சுப்பிழை. 'அலமாரியிலிருந்து பேய் இறங்கி வந்தது' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'பேன் இறங்கி வந்தது' என்று இருந்தது. தாயும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து, இருட்டைக் கண்டு பயந்தால் மகள், "அம்மா, பேன் வருது!" என்பாள். இவள் அந்தச் சின்னத் தலையை மடியில் போட்டு, இல்லாத பேனை அவள் தூங்கும்வரை தேடுவாள்.

அந்தக் கதை சினிமாவாக வருகிறது என்றதும் காலரக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. பித்தான் பிரிவுத் தோழி விடுவாளா?

"என்னக்கா, நீ பேயைப் பார்க்கப் போறியா, இல்ல பேய் உன்னைப் பொண்ணு பார்க்க வருதா? முகம் இந்த மினுக்கு மினுக்குதே!"

"போடி! படம் முடிஞ்சதும் அவகிட்ட கேக்கப்போறேன். லீவு முழுக்க என்கூட வந்து இருடின்னு."

இன்று மதியம் அந்தப் படத்தைத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். பாவிகள்! போர்வை இழுத்துவிட்ட கையில் கத்தி கத்தியாக நகம் வளர்த்துவிட்டிருந்தார்கள். அந்தப் பேய் வாயைத் திறந்தாலே காது கிழிந்தது. பேய் அலமாரியிலிருந்து இறங்கிய நேரம், இவள் ஆசையாகக் குனிந்து மகள் காதில், "பேன்!" என்றாள்.

"ஃபேனா? ஏசியே ஓடுதேம்மா, இன்னுமா வேர்க்குது?"

இவள் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

கடைசியில் புத்தகத்தில் இல்லாத ஒரு முடிவு. அப்பா, புது அம்மா, பிள்ளை மூவரும் கைகோத்து நின்று, பழைய அம்மாவை வீட்டை விட்டே விரட்டினார்கள். தியேட்டரே கை தட்டியது. மகளும் தட்டினாள். அப்போது வந்த அழுகைதான் அது.

மகள் போனை வைத்துவிட்டு வந்து தேநீரை எடுத்துக்கொண்டாள்.

"படம் பிடிக்கலையாம்மா?"

"புத்தகத்துல அவ போகவே மாட்டாளேடி. கடைசிவரைக்கும் அந்த வீட்லதானே இருப்பா?"

"அது சின்னப் பசங்க கதைம்மா. செத்தவங்க அங்கேயே இருந்தா, மத்தவங்க எப்படி நிம்மதியா இருக்கறது?"

காலரக்கா முந்தானையில் கையைத் துடைத்தாள். ஈரமே இல்லாத கை. எத்தனையோ நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்த கேள்வி, கேட்கும்போது தடுமாறியது.

"லீவுக்கு இங்க வரியா கண்ணு? முழு லீவும்..."

மகள் டம்ளரையே பார்த்தாள். "அங்கேயே இருக்கேனேம்மா. என் ரூம் அங்கதானே இருக்கு. இங்க ஞாயித்துக்கிழமை வரேன்ல?"

"ஆமா ஆமா. ரூம் இருக்குல்ல. நான் ஒருத்தி, சும்மா கேட்டேன்."

கீழே கார் ஹாரன் அடித்தது. மகள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"வரேம்மா. அழாத. அது வெறும் படம்."

"படத்துக்குத்தான்டி அழறேன். நீ போ, அப்பா காத்திருப்பார்."

காலரக்கா வாசலுக்கு வருவதற்குள், மகளே கதவை வெளியிலிருந்து மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள்.